மூன்று படைகளும் அக்காவின் பட்டியலும்

கார்ப்பரல் அந்தப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்.

எனக்கு அந்த நொடியிலேயே நெற்றி வியர்த்துவிட்டது. முன்பக்கத்திலிருந்து திறந்திருந்தால் தப்பித்திருப்பேன். முதல் பக்கம் பன்னிரண்டு, அடுத்தது எட்டு, அப்புறம் ஆறு, இருபத்தொன்பது, ஐம்பத்தேழு... மூன்று வாரமாக வாய்ப்பாடு மாதிரி பாடிப் பாடி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலையில் இருந்தேன். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மண்டபம் முழுக்க ஸ்பிரிட் வாசனை. தலைக்கு மேலே விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இருபது பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

"இது என்ன, டிக்?" என்றார் கார்ப்பரல், மலாய்க்காரர்களுக்கே உரிய அந்தத் தம்பி முறையில்.

பக்கம் முழுக்கப் புள்ளிகள். மழை பெய்து ஓய்ந்த சந்தில் கிடக்கும் சேறு மாதிரி எனக்கு எல்லாம் ஒரே நிறம். துணிந்து, "டுவா பெலாஸ்!" என்றேன். பன்னிரண்டு.

கார்ப்பரல் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி என் பக்கம் திருப்பி வைத்தார்.

"டிக், இந்தப் பக்கத்துல நம்பரே இல்லையே. ஒரு கோடுதான் இருக்கு. அதை விரலால தொட்டுக் காட்டச் சொல்லுவோம்."

பின்னால் நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். 

பட்டாளத்துக் கதை எப்போது வரும் என்று கேட்டு எழுதிய வாசகர்களே, இதோ வந்துவிட்டது. ஒருவர், "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, பதில் உள்ளேயே இருக்கிறது.

சீருடையைக் கழற்றிய பிறகு

எழுபதுகளின் பின்பாதி அது. அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. கே.எல். நகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரயில் கடக்கும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் வராத நாளில்தான் அம்மாவுக்குப் பயம் வரும்.

அப்பா ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். நானோ பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைச் சுமாராக முடித்துவிட்டு, காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் முடிவெடுப்பது வசந்தா அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே ஃபேக்டரி பஸ் ஏறிப் போய், சாயங்காலம் ஈயப்பற்று வாசனையோடு வருவாள். நான் பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் அதிரவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போறதா இருந்தா போ மனோ. நான் வேணாங்கல. ஆனா நாப்பது வயசுக்குள்ள வெளிய அனுப்பிருவாங்க. யூனிஃபார்மைக் கழட்டுன அன்னைக்கு யாரு உனக்கு வேலை குடுப்பா? அதை இப்பவே யோசி."

பதினெட்டு வயதில் எவன் நாற்பதைப் பற்றி யோசிப்பான்? அவள் யோசித்தாள். பழைய நாள்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் மூன்று கட்டம் போட்டாள். ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ். ஆர்மிக்குக் கீழே "துப்பாக்கி" என்று எழுதி, அதற்குக் கீழே "ஜாகா" என்று எழுதினாள். ராத்திரிக் காவல்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நேவிக்குக் கீழே கப்பல் இன்ஜின், கிள்ளான் துறைமுகம். ஏர்ஃபோர்ஸுக்குக் கீழே வயரிங், ரேடார், சுபாங் விமான நிலையம், அப்புறம் அவளுடைய தொழிற்சாலை.

"எங்க லைன்ல டெக்னீஷியன் ரெண்டு பேரு ஏர்ஃபோர்ஸ்ல இருந்து வந்தவங்க. அவங்களுக்குத் தனி ரூம், ஏர்கோன்."

ஏர்கோன் என்றதும் அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இந்த ஆலோசனையில் என் நண்பன் சிவாவும் இருந்தான். பின்தெருவில் குடியிருந்த யாழ்ப்பாணக் குடும்பம். அவன் அப்பா அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எங்கள் வீட்டில் எனக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும். அவன் வீட்டிலோ அவன் டாக்டராகாமல் போனதே ஒரு குற்றம். சிவாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கடற்படையின் வெள்ளைச் சீருடை மட்டும்தான் வேண்டும்.

"அந்த வெள்ளை யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ புடிக்கணும் மச்சான். மூணு வருஷம் போதும். அப்புறம் பாத்துக்கலாம் லா."

அவன் அம்மா மட்டும் ஒரு நாள் என்னிடம் கவலையாகச் சொன்னார்: "வெள்ளை உடுப்பு வடிவாத்தான் இருக்கும் பிள்ளை. ஆனா அது கடல் எல்லோ!"

ராஜா அங்கிளின் காது

அக்கா எதையும் விசாரிக்காமல் முடிவு செய்ய மாட்டாள். கிள்ளானில் சிவாவின் தூரத்து உறவினர் ஒருவர் இருந்தார். ராஜா அங்கிள். கடற்படையில் பதினைந்து வருடம் இன்ஜின் அறையில் இருந்துவிட்டு வந்து, ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பஸ் பிடித்துப் போனோம்.

வாசலில் ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் எங்களுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். அக்கா மரியாதையாகக் கேட்டாள்: "அங்கிள், நேவியில எந்த ட்ரேடு நல்லது?"

"ப்ரெட்டா? ப்ரெட்டு ரொம்ப நல்லா இருக்கும்மா! கப்பல்லயே சுடுவாங்க. சூடா!" என்று கத்தினார் அங்கிள்.

"ப்ரெட் இல்ல அங்கிள். ட்ரேடு! ட்ரேடு!"

"அதான் சொல்றேனே, தினம் காலையில!"

இன்ஜின் சத்தத்தில் அவர் காது போய்விட்டிருந்தது. அடுத்த அரைமணி நேரம் கப்பலில் சாப்பிட்ட ரொட்டி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். சிவாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, அங்கேயே நேவியில் சேர்ந்துவிடுவான் போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தாளை எடுத்து நேவி கட்டத்தை அடித்தாள்.

"ஏன் அக்கா?"

"நான் சொல்றதைக் கேக்க உனக்குக் காது வேணும்."

அரிசி மணியில் மூன்று கோடுகள்

விமானப்படை என்று முடிவானது. பரீட்சைக்குத் தயார் செய்ய அக்கா ஒரு நாள் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரெசிஸ்டர்களைச் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உடம்பைச் சுற்றி வண்ணக் கோடுகள். எந்தக் கோடு என்ன நிறம் என்று பார்த்துத்தான் எதை எங்கே பொருத்துவது என்று சொல்ல முடியும்.

செய்தித்தாளை விரித்துக் கொட்டினாள். "சிவப்புக் கோடு இருக்கறதை ஒரு பக்கம், பச்சைக் கோடு இருக்கறதை ஒரு பக்கம், பழுப்பை ஒரு பக்கம் எடுத்து வை."

நான் எடுத்து வைத்தேன். அவள் பார்த்தாள்.

"விளையாடாத மனோ."

"விளையாடலையே அக்கா."

மறுபடி கலைத்துப் போட்டாள். மறுபடி எடுத்து வைத்தேன். மூன்றாவது முறை அவள் கோபப்படவில்லை. தன் ரிப்பனைக் கழற்றிக் காட்டி, "இது என்ன கலர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பழுப்பு."

"பச்சை டா."

எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. ஓவிய வகுப்பில் மரத்தின் இலையைப் பழுப்பாகவும் அடிமரத்தைப் பச்சையாகவும் தீட்டி வைத்துப் பிரம்படி வாங்கியிருக்கிறேன். ஆசிரியர் குறும்பு என்று நினைத்தார். நான் ஆசிரியருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு பேருமே தப்பு.

மறுநாள் அக்கா தொழிற்சாலை நர்ஸிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். பிறவியிலேயே வருவதாம். மருந்து கிடையாதாம். பட்டாளத்தில் புள்ளிப் புத்தகம் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்த நாள்காட்டித் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வழி சொன்னது சிவா. கடற்படைக்கு அவன் கிள்ளானில் மருத்துவப் பரிசோதனை முடித்து வந்திருந்தான். அதே புள்ளிப் புத்தகம்தான் அங்கேயும். எந்தப் பக்கத்தில் என்ன எண் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து எனக்குச் சொன்னான். தண்டவாள ஓரமாக நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். அக்கா தடுக்கவில்லை. "சரியா வருமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் நடந்ததுதான் மேலே நீங்கள் படித்தது.

விழப் போவது யார்?

கார்ப்பரல் என்னை விரட்டவில்லை. பக்கத்துத் தடுப்புக்குள் இருந்த டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் ஒரு கேப்டன். நடந்ததைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"விமானத்தில் சிவப்பு வயரையும் பச்சை வயரையும் நீ மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும்?"

"விமானம் விழும், சார்."

"அப்போது நீ அதில் இருப்பாயா?"

"இல்லை, சார்."

"அவ்வளவுதான் விஷயம்."

இருபது பேர் சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. மூன்று வாரம் நான் பாடம் செய்ததெல்லாம் யாரோ ஒரு விமானியைக் கொல்வதற்கான பாடம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என் தாளில் ஏதோ எழுதினார். "உன் உடம்பு நன்றாக இருக்கிறது. தரைப்படை எடுத்துக்கொள்ளும். எழுத்தர், ஸ்டோர், சமையல். மூன்றில் ஒன்று. வெளியே மேசையில் போய்ச் சொல்."

மேசையில் இருந்த சார்ஜன், அதாவது சார்ஜென்ட், "எது?" என்று கேட்டார்.

நான் தயங்கினேன். "சார், வெளியே என் அக்கா நிக்கிறாங்க. கேட்டுட்டு வரட்டுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நிமிஷம். போய்ட்டு வா. சண்டைக்குப் போகும்போதும் அக்காவைக் கேட்டுட்டுத்தான் போவியா?"

வேலிக்கு வெளியே பத்து நிமிஷம்

அக்கா அன்று விடுப்பு எடுத்து வந்திருந்தாள். முகாம் வேலிக்கு வெளியே, சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வண்டியின் குடைக்குக் கீழே நின்றிருந்தாள். சட்டை பட்டனைக்கூடப் போடாமல் நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"பின்பக்கமா திறந்துட்டாங்க அக்கா."

என் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பிறகு, "அழுதியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி. என்னதான் குடுக்கறாங்க?"

சொன்னேன். அப்பா அங்கே இருந்திருந்தால் எழுத்தர் என்று அடித்துச் சொல்லியிருப்பார். அக்கா விரலில் எண்ணினாள்.

"கிளார்க்கு. டைப்படிக்கத் தெரிஞ்ச பொண்ணுங்க இப்பவே லைன் கட்டி நிக்குது. உன் கையெழுத்துக்கு வெளிய யாரும் வேலை தர மாட்டான். ஸ்டோர், பரவால்ல. சமையல்..." நிறுத்தினாள். "எங்க கேண்டீன்ல மூணு ஷிஃப்டுக்கும் சாப்பாடு போடறாங்க. கே.எல்.ல ஹோட்டலா கட்டிட்டு இருக்கான். எல்லா வேலையும் ஒரு நாள் வேணாம்னு சொல்லுவாங்க மனோ. சாப்பாடு வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"எனக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதே!"

"துப்பாக்கி மட்டும் தெரியுமா? அவங்க சொல்லித் தருவாங்க லா. ஓடு, பத்து நிமிஷம் ஆயிரும்."

ஓடினேன். "துக்காங் மாசாக்," என்றேன் சார்ஜனிடம். சமையல்காரன். அவர் எழுதிக்கொண்டே, "அக்கா நல்ல அக்கா," என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பட்டாளத்துல போய் சுடப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னியே. இப்ப என்னத்தைச் சுடப் போற? தோசையா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அக்கா சிரித்தே விட்டாள். கடைசியில் அப்பாவின் மீசையும் ஆடியது. ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "சப்ளையில இருக்கான்" என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார்ஜன் ஹுசேனின் நாக்கும் என் மூக்கும்

நான் முதலில் ஆக்கிய சோறு இருநூறு பேருக்கு. அடியில் கரி, நடுவில் கஞ்சி, மேலே அரிசி. மூன்றையும் ஒரே சட்டியில் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று சமையலறைத் தலைவர் சார்ஜன் ஹுசேன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கோழி வெந்துவிட்டதா என்று மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு அது முடியாது. சார்ஜனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தியால் குத்தி வரும் நீரை விரலில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிசுபிசுத்தால் இன்னும் வேகவில்லை. வெங்காயம் பொன்னிறமாவதை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்தப் பச்சை வாடை போய் இனிப்பு வாசனை எழும்பும். சட்டியில் சத்தம் குறையும். அதுதான் எனக்குப் பொன்னிறம்.

மாட்டிறைச்சி நான் சாப்பிடுவதில்லை. ஆனால் ரெண்டாங் என்ற மாட்டிறைச்சிக் கறியை வாரம் தவறாமல் சமைக்க வேண்டும். நான் மோப்பம் பிடித்து, "உப்பு ஒரு கை குறையுது, சார்ஜன்," என்பேன். அவர் ருசி பார்த்துவிட்டு, "ஒரு கையேதான்!" என்பார். காட்டுப் பயிற்சியில் தார்ப்பாய்க்குக் கீழே, கொட்டும் மழையில், முழங்கால் வரை சகதியில் நின்று அவரும் நானும் சமைத்த சாப்பாட்டுக்குப் பையன்கள் தட்டை நீட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகவே இருக்கலாம்.

ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில்: பத்து வருடத்தில் கோழி, மீன், ரொட்டி என்று லட்சக்கணக்கில் சுட்டிருப்பேன். ஆள் ஒருவரும் இல்லை.

அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, என் சம்பளத்தையும் அக்கா சம்பளத்தையும் நம்பிப் பூச்சோங்கில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மூன்று வருடத்துக்கும் ஒரு போட்டோவுக்கும் போன சிவா, பென்ஷன் வாங்கும்வரை கடற்படையை விட்டு வரவே இல்லை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் போன நான்தான் பத்தாவது வருடம் வெளியே வந்தேன்.

ஆறு பேருக்குச் சமையல்

வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விமானப்படையில் ரேடார் பார்த்தவர்கள்கூட வேலை தேடி அலைந்தார்கள். சுங்கை பூலோவில் ஒரு தொழிற்சாலையில் கேண்டீனுக்குத் தலைமைச் சமையல்காரர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் மிஸ்டர் லிம் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நாளை மதியம் ஆறு பேருக்குச் சமைத்துக் காட்டு," என்றார்.

ஆறு பேர்! நூறு பேருக்குக் கீழே நான் சமைத்ததே இல்லை. வகுத்து வகுத்துப் பார்த்தேன். அரிசியில் கை வைத்தால் கை நிற்கவில்லை. மீன் கறி, பயற்றங்காய் சம்பால், ரசம் என்று இறக்கி வைத்தபோது எனக்கே மயக்கம் வந்தது. ஆறு பேர் சாப்பிட்டு எழுந்தார்கள். சட்டியில் குறைந்த மாதிரியே தெரியவில்லை. வீணாக்க மனம் வரவில்லை. வாசல் ஜாகாவைக் கூப்பிட்டேன். அவர் லோரி டிரைவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பின்னால் பேக்கிங் பெண்கள் வந்தார்கள்.

மிஸ்டர் லிம் மாடிப்படியில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆறு பேர் என்றுதானே சொன்னேன்?"

"ஆமா பாஸ். அவ்வளவு கம்மியா எனக்கு வராது."

"இங்கே முந்நூறு பேர் இருக்கிறார்கள்."

"அது சுலபம், பாஸ்."

மறுவாரமே வரச் சொன்னார்.

ஓடிப் போய்ப் பொதுத் தொலைபேசியில் அக்காவின் தொழிற்சாலைக்கு அடித்தேன். அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். எடுத்த பெண், "வசந்தாவா? அவங்க லைனை மூடி ரெண்டு வாரமாச்சே," என்றாள்.

பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பதினேழு வருடம் வேலை செய்த இடம். என்னிடம் மூச்சுவிடவில்லை.

"ஏன் அக்கா சொல்லல?"

"நீயே வேலை தேடிட்டு இருக்க. இதுல இது வேறயா?" என்று பின்னலை இறுக்கினாள். "கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு."

அப்போதுதான் அழுதாள். குழந்தை திரும்பிப் பார்க்கப் பார்க்க, பின்னலை விடாமல், சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் காலை நான் மறுபடி மிஸ்டர் லிம் முன்னால் நின்றேன். முந்நூறு பேர் சமையலுக்குச் சாமான் வாங்க, ஆட்களை ஷிஃப்டு பிரித்து விட, என்ன சமைப்பது என்று தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். தெரிந்தவர் ஒருவர் இருப்பதாகவும் சொன்னேன்.

"அவர் நன்றாகச் சமைப்பாரா?"

"சமைக்க மாட்டாங்க பாஸ். முடிவெடுப்பாங்க."

அவர் சிரித்துவிட்டு, அழைத்து வரச் சொன்னார்.

பதினோரு வருடம் அக்காவும் நானும் ஒரே கேண்டீனில் வேலை செய்தோம். பட்டாளத்தில் கேப்டன், மேஜர் என்று எத்தனையோ பேரிடம் உத்தரவு வாங்கியிருக்கிறேன். அக்கா மாதிரி ஒருவரும் என்னை இரண்டாவது முறை பருப்பு கழுவச் சொன்னதில்லை.